இடது பக்கம், கடைசி வரி

தம்பி,

நேற்று ஒரே காலையில் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாய். ஒன்று உன் இணையக் கடைக்கு நீ புதிதாக அமைத்திருக்கும் பட்டியல். இன்னொன்று உன் கல்யாண அழைப்பிதழின் மாதிரி. இரண்டுக்கும் கீழே "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் "நல்லாருக்கு" என்று பதில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மாதான் நின்றேன். நான் போட்ட பதில் பொய். இந்த விஷயத்தில் நான் சொல்லும் முதல் பொய்யும் அல்ல அது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். எழுத்தில் அப்படி ஓட முடியாது. இதை நீ மணக்கப்போகும் பெண்ணும் படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் சரி. ஒருவருடைய பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன். யாரும் அவரைத் தேடிப் போக வழி இருக்கக் கூடாது.

முதலில் உன் கடையைப் பற்றி. ஈப்போவில் நம் வீட்டுச் சமையலறையில் நான் அரைத்துக் கொடுத்த மூன்று மசாலாத் தூள்களோடு அதைத் திறந்தாய். இப்போது அதில் நானூறு சாமான்களுக்கு மேல். வந்த வரிசையிலேயே சேர்த்துக்கொண்டு போனதால் மீன் மசாலாவுக்குக் கீழே அரைஞாண் கயிறும், அதற்குக் கீழே முறுக்கு அச்சும் கிடந்தன. புதிதாக வருபவர்கள் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விடுகிறார்கள் என்றாய். உண்மைதான். அதனால் எல்லாவற்றையும் கலைத்து, தலைப்புகள் போட்டு, ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் அகர வரிசையில் அடுக்கியிருக்கிறாய். "எண்ணெய்" என்பதைத் தொட்டதும் ஆறு வகை வருகின்றன. கடுகெண்ணெய், கூந்தல் எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மூட்டுவலி எண்ணெய், விளக்கு எண்ணெய். படத்தில் ஆறும் ஒரே மாதிரி மஞ்சள் குப்பிகள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பழைய ஆண்ட்டிங்களுக்குத் தேடவே தெரியாதும்மா. கட்டை விரலால மூணு தடவை தள்ளுறாங்க, செவப்பு டப்பா வந்ததும் அதுக்கு அடுத்தத அமுக்குறாங்க லா. அவ்வளவுதான் அவங்களுக்கு என் கடை." நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நேற்று அந்த ஆறு குப்பிகளைப் பார்த்தபோதுதான் நான் எதற்குச் சிரித்தேன் என்பது எனக்கு உறைத்தது.

உன் தாத்தா, என் அப்பா, சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கடையின் கதை ஒன்றும் உனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது தவறான கதை. எழுபதுகளின் கடைசி அது. டவுனுக்கு வந்துபோக வசதியில்லாத ரப்பர் தோட்டங்கள் இரண்டுக்கு அப்பா ஒரு பழைய வேனில் சாமான் கொண்டுபோவார். அதற்காக அவர் ஒரு தாள் வைத்திருந்தார். கடையில் உள்ள பொருள்களையெல்லாம் இரண்டு பத்திகளாகக் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் செய்து, வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். தோட்டத்தில் எல்லாரும் அதை 'லிஸ்ட்' என்றே சொல்வார்கள். சனிக்கிழமை வேன் சாமானோடு போகும்போதே அடுத்த வாரத் தாளையும் கொடுத்துவிட்டு வரும். வேண்டியதற்கு எதிரே அவர்கள் கோடு போட்டு வைப்பார்கள். புதன்கிழமை அப்பா போய்த் தாள்களை வாங்கி வருவார், வெள்ளிக்கிழமை கட்டுவார். கடை திறந்தபோது தாளில் ஒரு பத்திதான் இருந்தது. அரிசியில் தொடங்கி ஓமத்திரவத்தில் முடியும். பிறகு சாமான் பெருகப் பெருக வலது பக்கம் இன்னொரு பத்தி வந்தது. வந்தது வந்த இடத்தில் உட்கார்ந்தது. துணி துவைக்கும் சவுக்காரத்துக்குக் கீழே பிஸ்கட், பிஸ்கட்டுக்குக் கீழே கொசுவலை. இடம் பற்றாமல் போனபோது அப்பா எழுத்தைச் சின்னதாக்கினாரே தவிர, ஒரு வரியைக்கூட இடம் மாற்றவில்லை.

எனக்கு அப்போது பதினைந்து வயது. மூன்றாம் படிவம். பள்ளி நூலகத்துக்கு நான்தான் மாணவப் பொறுப்பாளர். சட்டையில் ஒரு பச்சை வில்லை குத்தியிருப்பேன், வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டேன். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, எண் ஒட்டி, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை இன்றுவரை வேறு எதிலும் நான் அடைந்ததில்லை. அந்தக் கண்ணோடு கடைத் தாளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து முழுத் தாளையும் திருத்தி எழுதினேன். உணவு, மருந்து, துணி, பாத்திரம், பள்ளிப் பொருள்கள் என்று தலைப்புகள். தலைப்புக்குள் அகர வரிசை. அன்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை இப்போதும் வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்: "இன்று நான் நம் கடைக்கு ஒரு பேருதவி செய்தேன். நூற்று எண்பது பொருள்கள் இனித் தத்தம் வீட்டில் வசிக்கும். அறிவு என்பது ஒழுங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தோட்டத்து மக்கள் இனி ஒரு நொடியில் எதையும் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் முகத்தில் தோன்றப்போகும் வியப்பைக் காண எனக்குப் பொறுக்கவில்லை."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நீண்ட நேரம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது நம்ம வசதிக்குப் போட்ட லிஸ்ட் இல்ல பாப்பா. அவங்க விரலுக்குப் பழகின லிஸ்ட்." நான் விடவில்லை. "சவுக்காரத்துக்குக் கீழ பிஸ்கட் இருக்குப்பா. பாக்குறவங்க சிரிப்பாங்க." "இதுவரைக்கும் யாரும் சிரிக்கல லா," என்றார். அம்மா உள்ளேயிருந்து, "கணக்கெழுதுற ஆபீஸ் கிராணி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க," என்று கேலி செய்தாள். ஆனால் சாமான் பெருகிக்கொண்டிருந்தது, பழைய தாளில் இனி ஒரு வரிக்கும் இடமில்லை, அது அப்பாவுக்கும் தெரியும். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "வீடு வீடாப் போகணும். சும்மா நீட்டிட்டு வரக்கூடாது. அவங்கவங்க எப்பவும் வாங்குற சாமான் இப்ப எங்க இருக்குன்னு விரலப் புடிச்சுக் காட்டிட்டு வரணும். கடைசி வீடு வரைக்கும்." படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கு அது என்று கேட்டேன். "தெரியாதுன்னு யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. நாமளும் கேக்கக் கூடாது. அதான் எல்லாருக்கும் காட்டுன்னு சொல்றேன்," என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. தோட்டத்திலேயே தமிழ்ப் பள்ளி இருக்கிறது, எல்லாரும் படித்திருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெரிய தோட்டத்தில் நான் முதல் லயத்திலிருந்து ஆரம்பித்தேன். லயம் என்றால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒட்டி ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளின் வரிசை. முதல் வீட்டில் பால்வெட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் திருப்பினார். "ஏம்மா, பருப்பு எங்க போச்சு? அரிசிக்கு அடுத்த வீட்டுலதான குடியிருந்துச்சு?" "இது அகர வரிசை மாமா. 'ப' கீழதான் வரும்." "வரும் வரும். எனக்கு வரணுமே? விரலப் புடிச்சு வை." நான் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன். ரப்பர் பாலின் கறை ஏறிய கனத்த விரல். அவர் அதை எடுக்காமல், மேலிருந்து எத்தனை வரி என்று வாய்க்குள் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். நான் அதைப் பார்த்தேன் தம்பி. பார்த்தும், மனிதர் மெதுவானவர் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இப்படியே நேரம் போயிற்று. எவர் முகத்திலும் நான் எதிர்பார்த்த வியப்பு இல்லை. பதினொரு வீடுகள் முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. என் பைக்குள் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டியது, முடிய நாற்பது பக்கம் இருந்தது. கோயில் பக்கத்து மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பா வேனில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மீதித் தாள்களைக் கதவுகளில் செருகிக்கொண்டே ஓடினேன். "எல்லாருக்கும் காட்டிட்டியா?" என்றார். "காட்டிட்டேன்பா," என்றேன்.

ஓடை ஓரமாக இருந்த கடைசி லயத்தில் பாக்கியம் என்று ஒருவர் இருந்தார். இதுதான் நான் மாற்றிய பெயர். அப்போது அவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும். புருஷன் மர லாரியோடு போய் வாரக்கணக்கில் வராதவர். இரண்டு வயதில் ஒரே பையன். வயிறு எப்போதும் உப்பிக்கொண்டு அழும் பிள்ளை, அதனால் வாரம் தவறாமல் அவர் தாளில் ஓமத்திரவம் இருக்கும். என்னை 'வாத்தியாரம்மா' என்றே கூப்பிடுவார். நான் புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடப்பதைப் பார்த்து, "வாத்தியாரம்மா, ஓடைக்குள்ள விழுந்தா புத்தகம் நனைஞ்சிரும் லா," என்று குரல் கொடுப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவருக்கு ஓமத்திரவம் எங்கே இருந்தது என்று இப்போது உனக்குப் புரியும். பழைய தாளில், இடது பக்கம், கடைசி வரி. கடை திறந்த நாள் முதல் அந்த மூலையில் அதுதான். எழுத்துத் தெரியாதவருக்கும் தவறிப்போக முடியாத இடம். என் புதிய தாளிலும் இடது பக்கம் மருந்துகளோடுதான் முடிந்தது. ஆனால் அகர வரிசை. 'ஓ' மேலே ஏறிவிட்டது. ஓமத்திரவம், காய்ச்சல் மாத்திரை, சளி மருந்து, புண் களிம்பு என்று இறங்கி, கடைசி வரியில் வலித் தைலம் வந்து உட்கார்ந்திருந்தது. கை காலில் தேய்ப்பதற்கு அப்பா பெரிய டின்னில் வாங்கி வைத்திருந்த காரமான தைலம்.

வெள்ளிக்கிழமை கட்டும்போது அப்பா ஒரு தாளில் நின்றார். "பாக்கியத்துக்கு வலித் தைலமா? எப்பவும் ஓமத்தண்ணிதானே வாங்கும்?" நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேள்வியில் ஏதோ என்னைச் சுட்டது. காட்டாமல் வந்துவிட்டேன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்தேன், அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. "அவங்க வீட்டுலதான்பா ரொம்ப நேரம் நின்னு காட்டினேன். அவங்களே பாத்துப் போட்டதுதான்," என்றேன். அப்பா என்னை நம்பினார். டின்னிலிருந்து தைலத்தை ஊற்றினார். ஓமத்திரவத்துக்கும் அதே தட்டைக் குப்பி, அதே தக்கைதான். மேலே ஒட்டிய சீட்டில் 'வலித் தைலம்' என்று நான்தான் எழுதினேன். என் கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு உண்டு.

மறுநாள் வேன் பக்கத்தில் நின்று நான் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சாமான்களை வாங்கியதும் குப்பியின் தக்கையைத் திறந்து முகர்ந்தார். "வாத்தியாரம்மா, வாடை வேற மாதிரி இருக்கே?" நான் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இப்ப எல்லாமே புதுசுக்கா. லிஸ்ட்டும் புதுசு, சாமானும் புதுசு." எதன் வாடை, எதைவிட வேறு என்று நான் கேட்கவில்லை. அவர் தக்கையைத் திரும்ப மூடினார். "அப்படியா? புதுசுன்னா நல்லதாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் அவருடைய தோளுக்கு மேல் என்னைப் பார்த்துக்கொண்டே போனான். அவன் பெயரை நான் எழுத மாட்டேன், மாற்றியும் எழுத மாட்டேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அவர் எப்போதும்போல ஒரு கரண்டி ஊற்றி, சீனி கலந்து ஊட்டியிருக்கிறார். அவன் துப்பப் பார்த்திருக்கிறான். மருந்து என்றால் எந்தப் பிள்ளையும் துப்பத்தானே செய்யும் என்று மூக்கைப் பிடித்து உள்ளே இறக்கியிருக்கிறார். அழுகை நிற்கவில்லை என்று இன்னொரு கரண்டி. சாயங்காலம் வாந்தியும் மேல்மூச்சும் வந்தபிறகு தோட்டத்து லாரியில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மறுநாள் விடிந்தபோது பிள்ளை இல்லை. இவ்வளவும் பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லி எனக்குத் தெரிந்தது. இதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் கடைக்கு வந்தது. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். யார் கட்டியது என்று கேட்டார்கள். அப்பா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான். அவங்க ஓமத்தண்ணிதான் கேட்டாங்க. என் கை மாத்தி எடுத்துருச்சு," என்றார். அவர்கள் தாளைக் கேட்டபோது, கட்டி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம் என்றார். அது பொய். அப்பா ஒரு மாதத் தாளையாவது கம்பியில் குத்தி வைத்திருப்பார். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தார். அதன் பிறகும் வழக்கு, விசாரணை என்று மாதக்கணக்கில் அலைந்தார், எல்லா இடத்திலும் அதே வாக்கியத்தைச் சொன்னார். தோட்டங்களுக்குள் எங்கள் வேனை விடவில்லை. டவுனிலும் யாரும் கடைப்படி ஏறவில்லை. அடுத்த வருடம் கடையை மூடினோம்.

அவர் திரும்பி வந்த வாரம் நான் அவரிடம் போனேன். நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. "அப்பா, அந்தத் தாள்ல அவங்களே கோடு போட்டிருக்காங்கல்ல? அதக் காட்டினா உங்க மேல தப்பு இல்லன்னு ஆயிரும்ல?" என்று கேட்டேன். அப்பா உட்கார்ந்திருந்த பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அப்ப தப்பு யாரு மேல ஆகும்? பெத்தவ மேல. தன் கையால கோடு போட்டு வாங்கி, தன் கையால ஊட்டுனான்னு ஆகும். அதத் தெரிஞ்சுக்கிட்டு அவ எப்படி உசிரோட இருப்பா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நீ அந்த வீட்டுல காட்டினியா பாப்பா?" தம்பி, எனக்கு அப்போது ஒரு கதவு திறந்திருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. அடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். "காட்டினேன்பா," என்றேன். "சரி," என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. என்னை 'பாப்பா' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். கோபத்தில் அல்ல. நான் இனிக் குழந்தை இல்லை என்பதால் இருக்கலாம்.

நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பா ஒரு இரும்புக் கிடங்கில் ஜாகா வேலை பார்த்தார். காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், முன்னால் போகிற வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பார். எண்பதுகளின் நடுவில், நீ பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார். சாகும் முன் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். பத்து நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். சொல்லலாம், சொல்லலாம் என்று பத்து நாளும் போயிற்று. அவருடைய தகரப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. நாலாக மடித்திருந்தது. பாக்கியம் அக்கா பேனாவை அழுத்திப் போடுகிறவர். இடது பக்கம், கடைசி வரியில், தாள் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும்படி ஒரு கோடு.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைகளில் என்னோடு வர வெட்கப்படுவாய். எந்தக் குப்பியை எடுத்தாலும் நான் சீட்டை வாய் விட்டுப் படிப்பேன், மூடியைத் திறந்து முகர்வேன். "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்று என் கையை இழுப்பாய். முப்பது வருடம் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேனே, அங்கேயும் அப்படித்தான். வந்தவரிடம் "இது எதுக்குன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்," என்று கேட்காமல் ஒரு குப்பியும் என் கையை விட்டுப் போனதில்லை. வரிசை நீளும், திட்டுவார்கள், "இந்த அம்மாகிட்ட மாட்டினா பரீட்சைதான் லா," என்பார்கள். நல்ல வேலைக்காரி என்று டாக்டர் பாராட்டினார். அதெல்லாம் பொறுப்புணர்ச்சி என்று நீயும் நினைத்திருப்பாய். இல்லை, பயம்.

உனக்குப் பதின்மூன்று வயதில் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் யாரோ ஒரு கிழவர் உன்னிடம், "ஓ, பச்சப் புள்ளைக்கு மருந்து மாத்திக் கொடுத்த கடைக்காரன் பேரனா நீ?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, ஹாலில் இருந்த தாத்தாவின் படத்தைக் கழற்றினாய். "நம்ம வீட்டுல இது வேணாம்மா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி," என்றேன். அப்பா சொன்ன அதே சொல். ஆனால் அவர் அதைச் சொன்னது என்னைக் காப்பாற்ற. நானும் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். படத்தை வாங்கித் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நேற்று வந்த அழைப்பிதழில் பெண் வீட்டார் பக்கம் இரண்டு தாத்தாக்களின் பெயர்களும் இருக்கின்றன. நம் பக்கம் ஒன்று குறைகிறது. நீ வேண்டுமென்றே விட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். உன்மேல் கோபமில்லை. நீ தெரிந்துவைத்திருந்த கதைக்கு அதுதான் நியாயம்.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். பட்டியலை மாற்றாதே என்று சொல்லவில்லை. நானூறு சாமானை அப்படியே குவித்து வைக்க முடியாது, அப்பாவின் தாளிலும் இடம் தீர்ந்துதான் போயிருந்தது. ஆனால் சாமானின் பெயரையோ அது எந்த இனம் என்பதையோ வைத்துப் பிரிக்காதே. வாங்குகிறவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று பார். வாய்க்குப் போவதும், உடம்பில் பூசுவதும், விளக்கில் ஊற்றுவதும் எக்காரணம் கொண்டும் ஒரே தலைப்பில் நிற்கக் கூடாது. பழைய பக்கத்தையும் ஒரு வருடமாவது அப்படியே விட்டு வை, வேண்டியவர்கள் அதிலேயே விரலால் தள்ளிப் போகட்டும். பிறகு, நீ சிரித்தாயே, அந்த ஆண்ட்டிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடு. "உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்காதே. யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் வாங்கும் சாமானை அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லி, நீ பக்கத்தில் இருந்து பார். எத்தனை பேர் இருந்தாலும், கடைசி ஆள் வரைக்கும் போ. யாராவது "வேற மாதிரி இருக்கே" என்றால், கையில் உள்ளதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது தம்பி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பாக்கியம் அக்கா இருக்கிறார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லாரும் வெளியேறினார்கள். அவர் சுங்கை சிப்புட்டிலேயே ஒரு மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை அவரைக் காய்கறிப் பாசாரில் பார்த்திருக்கிறேன். முதல் முறை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டேன். இரண்டாம் முறை ஒரு கடைக்குள் அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "கண்ணாடி போட்டிருக்கியேம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு," என்றார். நான் இரண்டு தடவை படித்தேன். "கோதுமை மாவுக்கா," என்றேன். "அதான் வேணும்," என்று கூடையில் போட்டுக்கொண்டு போனார். மாவு என்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.

அழைப்பிதழில் உன் தாத்தாவின் பெயரைச் சேர். அச்சாகி வந்ததும் முதல் அழைப்பிதழ் எனக்கு வேண்டும். அதை எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போகப் போகிறேன். வழியை உனக்கு நேரில் சொல்கிறேன். நீ வண்டி ஓட்டி வந்தால் போதும், உள்ளே வர வேண்டாம். இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். அது இனி உன்னிடம் இருக்கட்டும், எக்காலத்திலும் அவர் கண்ணில் பட வேண்டாம். கோடு போட்டது அவர் கை என்பதை அப்பா அவரிடமிருந்து கடைசி வரை மறைத்தார், அதை நான் கெடுக்க மாட்டேன். வீடு வீடாகக் காட்டச் சொன்னார், நான் காட்டவில்லை, நீங்கள் கேட்டபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று மட்டும் சொல்வேன். அதிலேயே எல்லாம் அடங்கிவிடுமா, அவர் கணக்குப் போட்டு மீதியையும் கண்டுபிடித்துவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை உட்காரச் சொல்வாரா, கதவைச் சாத்துவாரா என்பதும் தெரியவில்லை. எதுவானாலும் அது அவர் இஷ்டம். அழைப்பிதழை அவர் கையில் கொடுத்தால் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு என்னிடமே நீட்டுவார். நான்தான் வாய் விட்டுப் படிக்க வேண்டும். உன் பெயரைப் படிப்பேன். அதற்கு அடுத்த வரியில் தாத்தாவின் பெயர் இருக்கும். அதைப் படித்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்குவேன்.

அம்மா